கருப்பையாவுக்குக் கிடைத்த சிங்கப்பூர்

நேற்றுக் காலை எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து என் சான்றிதழைக் கழற்றினேன். மகள் கயல் கம்ப்யூட்டர் தேர்வு ஒன்றை வீட்டிலிருந்தே எழுத வேண்டியிருந்தது. எங்கோ இருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியே அறையைச் சுற்றிப் பார்ப்பாராம். சுவரில் எழுத்தே இருக்கக் கூடாதாம். காலண்டர் போயிற்று. மளிகைக்கடைக்காரர் கொடுத்த முருகன் படமும் போயிற்று, காலடியில் கடை விலாசம் இருந்ததே! கடைசியாக, கண்ணாடி போட்ட என் சான்றிதழ். அது தொங்கிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு புதுசு போல வெளுத்துத் தெரிந்தது.

கயல் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பின் அட்டையில் பல்லி முட்டை ஓடுகள், பழைய பசை வாசனை. அந்த வாசனை வந்ததும் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியின் மாடிப்படி வந்துவிட்டது.

அங்கேதான் நாங்கள் படித்த கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தூசி பட்டால் மெஷினுக்கு ஆகாது என்பார்கள். அன்னவாசலிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த கால்களுக்கு அந்த ஏசி அறைத் தரை அப்படி ஒரு சுகம். வராத சந்தேகத்தையெல்லாம் கேட்டு வகுப்பை நீட்டிப்போம், நானும் என் பள்ளித் தோழன் முருகேசனும். முடிவில் எனக்கு முதல் வகுப்பு. அவன் எப்படியோ தேறினான்.

எனக்கு அது போதும். அவனுக்குப் போதவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நடத்தும் தேர்வை எழுதச் சென்னைக்குக் கிளம்பினான்.

"கையில ஒரு சர்ட்டிபிகேட் இருக்குல்ல, இன்னொண்ணு எதுக்குடா?" என்றேன்.

"அது புதுக்கோட்டைக்குள்ள ஓடும். இது ஏரோப்ளேன் ஏறும்டா."

ஏறியது. தேறியவர்களுக்குக் கம்பெனி வழவழப்பாக ஒரு அட்டை அனுப்பும். அதை அன்னவாசல் டீக்கடைக்குக் கொண்டுவந்தான். நான் கையை நீட்டினேன். "வடை தின்ன கையி, எட்ட இருந்து பாரு" என்றான். எட்ட இருந்தே பார்த்தேன். 'கருப்பையா முருகேசன்' என்றிருந்தது. நாம் இனிஷியலை முன்னால்தானே போடுவோம்? அந்தப் பழக்கத்தில் அப்பா பெயரை முதலில் எழுதிவிட்டான். அந்தக் காலத்தில் யார் ஒத்துப் பார்த்தார்கள்? சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஆபீசில் அவன் பெயரே மிஸ்டர் கருப்பையா.

அவன் அப்பா பஸ் ஸ்டாண்டில் கடலை வறுத்து விற்றவர். விஷயம் தெரிந்ததும் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "சம்பளம் எம்மவனுக்கு. வையிற வசவெல்லாம் எனக்குத்தேன் விழுகுதாம்ல!"

கடலை வாங்கியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. என் அப்பா பெயரைப் பக்கத்து ஊர் குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் யாரும் கூப்பிட்டதில்லை. நான் என் முதல் வகுப்பை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் மார்க் ஷீட் அச்சடிக்கிறேன்.

போன வாரம் முருகேசனிடம் போனில் கேட்டேன், இந்தத் தேர்வெல்லாம் வேண்டியதுதானா என்று. "இப்ப எவன்டா அதைக் கேக்குறான்? எம்பையன் ஒண்ணுகூட எழுதலையே" என்றான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட குடும்பத்துக்கு அப்படிப் பேச வரும். கயலை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சென்னைக் கம்பெனி, மாதக் கடைசிக்குள் இதில் தேறினால்தான் ஆர்டர் என்றுவிட்டது. இத்தனைக்கும் இது மூன்று வருஷம்தான் செல்லுமாம், பால் பாக்கெட் போலத் தேதி போட்ட படிப்பு.

கதவு திறந்தது. உள்ளே போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"பேரு ஒத்து வரலையாம்ப்பா." கயல் கையில் ஆதார் கார்டோடு நின்றாள். அவளும் நம் வழக்கப்படி என் பெயரை முதலிலும் தன் பெயரைப் பின்னாலும் போட்டுப் பதிந்திருக்கிறாள். ஆதாரில் இருப்பது வெறும் இனிஷியல். "அந்தக் கண்காணிப்பாளரு உங்க பேரைச் சொல்லித்தாம்ப்பா கூப்புட்டாரு. கார்டைக் காட்டுனா, இந்தக் கார்டுல அந்த ஆளு இல்லையேன்னு முடிச்சுவிட்டுட்டாரு."

உங்களிடம் மறைப்பானேன். எங்கோ ஒரு ஊரில் என் பெயரையும் ஒருவர் கூப்பிட்டுவிட்டார் என்று உள்ளே ஒரு குளிர்ச்சி. ஒரு நொடிதான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் மறுபடி பதிய உட்கார்ந்தாள். அடுத்த வாரம் இடம் இருந்தது. பணம் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும்.

"இது தேவைதானாப்பா?"

"எழுதும்மா" என்றேன்.

என் பெயரைப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். "இந்தத் தடவ மொத எழுத்து மட்டும் போதும்ப்பா. கோவிச்சுக்காதீங்க."

"இதுல என்னம்மா கோவம்."

கீழ ராஜ வீதி மாடியில் இப்போது துணிக்கடை, செருப்போடு போகலாம். சான்றிதழைத் திரும்ப மாட்டவில்லை, அடுத்த வாரம் எப்படியும் கழற்ற வேண்டும். திரையில் என் பெயர் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. கருப்பையா மாமா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. சிங்கப்பூரில் அவரை இன்னும் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.