கதவில் ஒரு தலை கூடுதல்

“செத்துப்போன எங்க தாத்தா உங்க கதவுல வந்து எச்சில் தடவுறாரா? வாயை அளந்து பேசுங்க அக்கா.”

“அப்ப நீதான் தடவுற. துணி வெட்டுற சாக்பீஸ் உன் வீட்லதானே இருக்கு?”

பக்கத்து வீட்டுத் தையல்காரியோடு எனக்குச் சண்டை. நான் கண் காது வைத்துப் பேசுகிறவள்தான், தெருவே சொல்லும். ஆனால் இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மூக்கே சாட்சி.

மூன்று நாளாக, சரியாக மாலை 7:10க்கு வாசல் கதவில்... சர்... சர்... திறந்தால் ஆளில்லை. சாக்பீஸில் ‘3’. அதனடியில் எச்சில் தொட்டு அழித்த ‘2’. சொத்தைப்பல் நாற்றம். துடைத்த துணியை எரித்தேன். கையை என்ன செய்ய?

அவள் தாத்தா போர்க்காலத்தில் ஊர்க்காவல் படையில் இருந்தவர். எந்த வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று தினமும் கதவில் எழுதுவார். குண்டு விழுந்தால் எத்தனை பேரைத் தோண்டி எடுப்பது என்று தெரியவேண்டுமே. ஆள் கூடினால், கட்டைவிரலை நக்கி அழித்து மாற்றுவார். “ஒரு தலைகூடத் தப்பா எண்ணமாட்டார்” என்று அவள் பீற்றாத நாளில்லை.

எங்கள் வீட்டில் நானும் வீட்டுக்காரரும்தான். இரண்டே தலை.

நாலாம் நாள். 7:09. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சர்...

வெடுக்கென்று திறந்தேன்.

யாருமில்லை.

எச்சில் வழிந்து என் கால்விரலில் சொட்டியது...

வெதுவெதுப்பாக.

சாக்கடை நாற்றம்தான் என்று வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிட்டார். அடுப்படியில் நாலடி தோண்டியவன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

எலும்பு. சின்னக் கை.

தையல்காரி, தாத்தா தலைக்கணக்கு எழுதிவைத்த நோட்டை எடுத்துவந்தாள். எங்கள் வீடு கட்டுமுன் அதே இடத்தில் இருந்த வீட்டுக்கான பக்கத்தைப் புரட்டினாள். ‘2 பேர்.’ கீழே பொடி எழுத்தில்: ‘மாலை 7:10. விருந்தாளிப் பிள்ளை ஒன்று வந்தது. காலையில் மாற்றிக்கொள்ளலாம்.’

அன்று இரவே குண்டு. இரண்டு பேரை எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்களாம்.

“ஒரு தலை விட்டுப்போச்சு அக்கா,” என்றாள். அதன்பின் அவள் பீற்றவில்லை.

எலும்பை எடுத்துப்போன மாலை, கதவில் ‘2’.

நாங்கள் அடுத்த மாதமே வேறு தெருவுக்குப் போய்விட்டோம். தையல்காரி அந்தப் பிளம்பரையே கல்யாணம் பண்ணிக்கொண்டு, எங்கள் பழைய வீட்டுக்கே குடிபோனாள். துணிச்சல்காரி.

போன வாரம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். கதவில் ஈரம் காயாத ‘3’.

“என்னடி, விசேஷமா?”

“இல்லையே அக்கா.”

உள்ளே அடுப்படியில் பிளம்பர் மறுபடி தோண்டும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.