குங்குமத்துக்குக் கீழே ஒரு வேலை

சென்ற ஜனவரியில் நான் கொல்கத்தா போனது ஊர் பார்க்க அல்ல. பாலிகஞ்சில் இருக்கும் அத்தை, என் அப்பாவின் சித்தப்பா மகள், வயது எண்பத்திரண்டு, போன் செய்திருந்தார். அவருடைய குடியிருப்பில் குடியரசு தினத்தன்று முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குச் சால்வை போர்த்துகிறார்களாம். தன் அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஹவில்தாராகச் சண்டை போட்டார் என்று அத்தை அறுபது வருடமாகச் சொல்லிவருகிறார். இப்போது சங்கச் செயலாளர் ஆதாரம் கேட்கிறார். மெடலுக்கு உரிமை உண்டா என்றும் நான் விசாரிக்க வேண்டும்.

ரயில் சாந்த்ராகாச்சியில் இரண்டு மணி பத்து நிமிடம் தாமதமாக இறக்கிவிட்டது. பாலிகஞ்சுக்கு டாக்ஸியில் பதினான்கு கிலோமீட்டர், 480 ரூபாய். ஓட்டுநர் என்னை ‘தாதா’ என்றே அழைத்தார். இங்கே அது அண்ணன். சென்னையில் அதற்குப் போலீஸ் வரும்.

அத்தை தந்தது ஒரே தாள், ராணுவத்திலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் பேப்பர். வருடா வருடம் சரஸ்வதி பூஜையில் வைத்துப் பொட்டிட்டதில், என்ன பணி என்று எழுதும் கட்டம் மட்டும் குங்குமத்தில் மூழ்கியிருந்தது. கலைவாணிக்கு அந்தக் கட்டத்தின்மேல்தான் பிரியம் போலும்.

மறுநாள் காலை பத்தரைக்கு அலிப்பூர். ஐந்து கிலோமீட்டர். படைவீரர் விவகாரம் பார்க்கும் அலுவலகத்தில், ஓய்வுபெற்ற ராணுவ எழுத்தர் ஒருவர் தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பின்பக்கமாகப் படித்தார்.

“தாதா, பர்மா ஸ்டார், வார் மெடல். ரெண்டுக்கும் உரிமை உண்டு. வாங்கிக்கவே இல்லை.”

“பணி?”

“குக்.”

எங்கள் குடும்பத்தில் முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை.

“சிப்பாய்க்குக் கொடுக்கிற மெடல்தானா?”

“அதேதான். சாப்பிடாம யார் சுட்டாங்க?”

திரும்பி வந்து அத்தையிடம் மெடல்களைச் சொன்னேன். பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

“படிச்சுட்டானா?” என்றார் அத்தை.

“பின்பக்கமா.”

“கடங்காரன். மெடலை மட்டும் பார்ப்பான்னு நெனச்சேன். பட்டாளத்துல கறி சமைச்சார்னு தெரிஞ்சா என்னை யாரும் கட்டிக்க மாட்டான்னு அம்மாதான் மொதல்ல பொட்டு வெச்சா. அவளுக்கு அப்புறம் நான்.”

“செயலாளர்கிட்ட மெடலை மட்டும் சொல்லிடலாம் அத்தை.”

“ஏண்டா, சமையல்காரனுக்கும் அதே மெடல்தானா?”

“அதேதான்.”

“அப்போ எதுக்குடா இத்தனை குங்குமம் செலவு பண்ணினோம்?”

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: அசல் தாளும் இரண்டு நகலும் எடுத்துச் செல்லுங்கள். பதினோரு மணிக்கு முன் போங்கள். உரிமை உண்டு என்று தெரிவது வேறு, மெடல் கையில் கிடைப்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாகக் கடிதப் போக்குவரத்து, உறுதி எதுவும் கிடையாது. முன்னோரின் வீரத்தைத் தேடும்போது துப்பாக்கியை மட்டும் தேடாதீர்கள். படைகளில் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் எல்லோரும் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேச்சில்தான் எல்லோரும் ஹவில்தார்.

இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கொடியேற்றினார்கள். செயலாளர் சால்வையோடு வந்து, “மாஷிமாவின் தந்தை பர்மாவில் வீரத்தோடு போரிட்டவர்” என்று வங்காளத்தில் அறிவித்தார். மாஷிமா என்றால் பெரியம்மா, குடியிருப்பில் எல்லோருக்கும் அத்தை அப்படித்தான். கைதட்டல். அத்தை சால்வையை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடுங்கினார்.

“லொடாய் நா பாபா,” என்றார், “ரான்னா.”

சண்டை இல்லையப்பா, சமையல்.