பாதி விலைக்கு வாங்கிய மெஷின்

காலையில் டீக்கடையில் வடையைப் பிட்டு வாயில் வைக்கப் போகிறேன், போன் டிங் என்றது. ஆறு இலக்கத்தில் ஒரு எண். உங்கள் கேம் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற இந்த எண், பத்து நிமிடம்தான் செல்லும், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கீழே உபதேசம் வேறு. திருத்துறைப்பூண்டியில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்துக்கொண்டு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற எனக்கு ஏது கேம் கணக்கு? எவனோ திருட்டுப்பயல் வேலை என்று வடையைத் தின்றேன். டீ வருவதற்குள் இன்னொரு எண் வந்தது. இரண்டுமே பழைய சிம்மில். கேஸ், ரேஷன் கார்டு, பயிர் இன்சூரன்ஸ் எல்லாம் அந்த நம்பரில் மாட்டிக்கிடப்பதால் தூக்கிப்போட முடியாமல் போனிலேயே வைத்திருக்கும் சிம் அது. அந்த நம்பரை எப்போதோ ஒரு கேம் கணக்குக்குக் கொடுத்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கூடவே சேகர் ஞாபகமும் வந்தது. வடையில் பழைய எண்ணெய்க் காறல் அடித்தது.

காறல் என்றதும் ஜாபர் பாயின் கேம் டிஸ்க் கடை. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பஜ்ஜிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. டிஸ்க் டப்பாவைத் திறந்தால் புது பிளாஸ்டிக் வாசனை வரும், அதைக் கீழேயிருந்து வரும் எண்ணெய்ப் புகை அமுக்கிவிடும். பாயின் தம்பி துபாயில் இருந்தார். வருகிறவர் போகிறவர் பெட்டியில் எல்லாம் டிஸ்க் கொடுத்தனுப்புவார். பாய் விலை சொல்லும் அழகே தனி. நாம் விற்கக் கொண்டுபோன டிஸ்க்கை டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"என்ன தம்பி, கதிர் அருவாளால தொடச்சீங்களா?"

கீறலுக்கு இவ்வளவு, டப்பா ஓரம் உடைந்ததற்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு ஒரு விலை சொல்வார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எப்படிக் கழித்தாலும் பாதிப் பணம் கைக்கு வந்துவிடும். நாலாயிரத்துக்கு வாங்கி, ஆடித் தீர்த்து, இரண்டாயிரத்துக்கு அவரிடமே தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பேன். அப்போதெல்லாம் அதே கேம், நெட்டில் இறக்கிக்கொள்கிற டிஜிட்டலில், டிஸ்க்கை விட விலை கூட. டப்பா இல்லை, லாரி வாடகை இல்லை, பாய் இல்லை, விலை மட்டும் கூட. எந்த ஊர் நியாயம் இது என்று நானும் சேகரும் சிரிப்போம்.

சேகர் எனக்கு பாலிடெக்னிக்கில் பெஞ்ச்சுக்காரன். படித்து முடித்து அவன் தஞ்சாவூரில் ஒரு பைனான்ஸ் ஆபீசில் ஏசியில் உட்கார்ந்தான். நான் அறுப்பு மெஷின் டிரைவர். சக்கரத்துக்குப் பதில் செயின் வைத்த மெஷின், சேற்றிலும் இறங்கும். சம்பா அறுவடை தொடங்கினால் திருவையாறு, திருப்பனந்தாள் என்று மெஷின் போகிற ஊரெல்லாம் நானும் போவேன். குளிக்கிறது வாய்க்காலில், படுக்கிறது டிரெய்லரில். அறுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் கேம் பெட்டிதான். அதில் என்ன ஆடுவேன் தெரியுமா? அறுப்பு மெஷின் ஓட்டுகிற கேம்! சிரிக்காதீங்க. வெளிநாட்டு வயல், பொன்னாக விளைந்திருக்கும். சேறு கிடையாது, வரப்பு கிடையாது, மணிக்கு இவ்வளவுதான் தருவேன் என்று முறைக்கிற மிராசு கிடையாது. எங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ல ஓட்டுனது பத்தலையாடா ஒனக்கு?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் டிஜிட்டலில் தள்ளுபடி போட்டான். எல்லாம் பாதி விலை. சேகர் துள்ளிக் குதித்தான்.

"மாப்ள, பாதி வெலைடா! அந்த பாய்கிட்ட போயி ஏன் நிக்கணும்? ஒரே கணக்க ரெண்டு பொட்டியில ஆடலாம். ஒன் டிஸ்க்க எல்லாம் தள்ளிட்டு காசக் கொண்டா. நானும் அதே அளவு போடுறேன்."

"டிஸ்க்குன்னா கையில இருக்குமேடா."

"கையில வச்சி என்ன, ஊறுகா போடப்போறியா?"

கிரெடிட் கார்டு அவனிடம்தான் இருந்தது. ஆகவே கணக்கு அவன் பேரில். அவன் நம்பர் மாற்றிக்கொண்டிருந்த நேரம், அதனால் போன் நம்பர் மட்டும் என்னுடையது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூன்று பங்காளி சேர்ந்து உழுத நிலத்துக்குப் பட்டா பெரியப்பா பேரில் இருந்தது. அவர் போனதும் அவர் மகன் ஒரே கையெழுத்தில் விற்றுவிட்டான். எங்கப்பா கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டிலேயே கிழவரானார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். பூனைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. டிஸ்க்கை எல்லாம் சாக்கில் போட்டுக்கொண்டு போனேன். பாய் ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"பாதி வெலைன்னு போறீங்க. நான் திருப்பிக் குடுக்குற பாதிய அங்க எவன் தம்பி குடுப்பான்?"

வியாபாரம் போகிற வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

அந்த அறுவடையில் பருவம் தவறி மழை. வரப்பு ஊறிப்போயிருந்தது. மெஷின் ஒரு பக்கமாகச் சரிந்தது, நான் குதித்தேன், அது என்னை விடவில்லை. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு, பிளேட், ஒரு விரற்கடை நீளம் குறைச்சல். இனிமேல் மெஷின் ஓட்டுவதை மறந்துவிடு என்று டாக்டர், நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். மெஷின் முதலாளி ஒரு சீப்பு பழத்தோடு வந்தார். பழத்தை வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

கோடை முழுக்கக் கட்டிலில் கிடந்தேன். அந்தக் காலோடு எனக்கு ஓட்டக் கிடைத்த ஒரே மெஷின் பெட்டிக்குள் இருந்ததுதான். விடிந்ததும் போடுவேன். கதிர் சாயும், தொட்டி நிறையும், நானும் ஒரு ஆள் என்று இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது இல்லையென்றால் அந்தக் கோடையில் பூச்சிமருந்து டப்பாவைத் தேடியிருப்பேன்.

ஒருநாள் பெட்டி திறந்தது, கேம் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் தவறு என்றது. திரும்பத் திரும்பத் தட்டினேன். சேகருக்குப் போன் போட்டேன். அவனுக்கு அந்த வாரம்தான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது.

"மாப்ள, கோச்சுக்காத. பொண்ணோட தம்பி கேம் கேட்டான். மச்சான் மொத மொத வாய் தொறந்து கேக்குறான், இல்லேன்னு எப்படிடா சொல்றது? ஒன் எடத்த அவனுக்குக் குடுத்துட்டேன்."

"என் காசுடா அதுல பாதி. எனக்கு வேற என்னடா இருக்கு இங்க?"

அவன் சிரித்தான். "கையில வச்சுக்கிற பொருளாடா அது? ஒனக்குன்னு ஒண்ணும் இல்ல, எனக்குன்னும் ஒண்ணும் இல்ல. கால் சரியாவட்டும், வெளிய வா, நாலு மனுசங்களப் பாரு."

பணத்தை அனுப்புகிறேன் என்றான். அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு, அவன் கொடுத்துவிட்டால் நல்லவனாகிவிடுவானே. திரையில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை நான் ஒருநாளும் அழுத்தியதில்லை. எனக்குத்தான் மறக்கவே இல்லையே! அழுத்தியிருந்தால் என் சிம்முக்கே எண் வந்திருக்கும், மச்சானை வெளியே தள்ளிவிட்டு நான் உள்ளே போயிருக்கலாம். அது இன்று காலை, இந்த வடையைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் தெரிகிறது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சேகர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். மாலை வாங்கிக்கொண்டு போனேன். அழுகை வரவில்லை.

இரண்டாவது டீ பாதி குடித்திருந்தபோது என் புது நம்பருக்கு அவன் மனைவியிடமிருந்து போன்.

"அண்ணே, அவரு கேம் கணக்கு ஒண்ணு வச்சிருந்தாருல்ல, அது தொறக்க மாட்டேங்குது. யாரோட நம்பருக்கோ ஓடிபி போவுது. உங்களுக்கு எதும் தெரியுங்களா?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"சம்பளத்துல பாதிய அதுலதாண்ணே போட்டாரு. வித்தா பையன் பீசுக்காவது ஆவும்."

"அத விக்க முடியாதும்மா. டிஸ்க்கா இருந்தா வித்துருக்கலாம்."

"காசு குடுத்துத்தானேண்ணே வாங்குனாரு?"

"காசு குடுத்தாரு. அவ்வளவுதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரிண்ணே, பையனாவது ஆடட்டும். அப்பா கேமு, அப்பா கேமுன்னு சோறே திங்க மாட்டேங்குறான். எங்க தம்பியக் கேட்டா, அதெல்லாம் விட்டு வருசக்கணக்காச்சுங்குறான். யாரு நம்பர்னு மட்டும் தெரிஞ்சா போதும்ணே."

"கையில வச்சுக்கிற பொருளாம்மா அது?" என்றேன். சேகர் சொன்ன அதே ராகத்தில் வந்தது. "பையன வெளிய கூட்டிட்டுப் போ. நாலு மனுசங்களப் பாக்கட்டும்."

"சரிங்கண்ணே" என்று வைத்துவிட்டாள். பாவம், மரியாதையான பெண்.

பாய் கடை இருந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் போடுகிற வாயே இல்லையாம். துடைக்க ஒன்றும் இல்லை, கீற ஒன்றும் இல்லை, செத்தவன் அலமாரியைத் திறந்தால் எடுத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

போன் மறுபடியும் டிங் என்றது. புது எண். பத்து நிமிடம் செல்லும், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று போட்டிருந்தது. போனை மேஜை மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, காலை நீட்டி, அந்தப் பத்து நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.