பராமரிப்பவர் பெயர்

கணவர் லிங்கேஸ்வரன் இறந்த ஏழு மாதத்தில் சிவரஞ்சனி அவர் பெயரை நான்கு இடங்களில் நீக்கச் செய்திருந்தாள். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், வீட்டு வரி, மின் இணைப்பு. ஒவ்வோர் இடத்திலும் இறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள், கொடுத்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நீக்கினார்கள். ஐந்தாவது இடம் ஒன்று இருக்கிறதென்று ஆனந்தவல்லி போன் செய்தபோதுதான் தெரிந்தது.

லிங்கேஸ்வரனின் தங்கை ஆனந்தவல்லி ராஜபாளையத்தில் தமிழாசிரியை. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கம்ப்யூட்டரில் உள்ள தமிழை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்றை லிங்கேஸ்வரன் செய்து பொதுவில் இலவசமாகப் போட்டிருந்தார். பள்ளிப்பாடம் முழுக்க ஆனந்தவல்லிக்கு அந்தக் குரல் வழியாகத்தான்.

"மதினி, புதுக் கம்ப்யூட்டர்ல அண்ணன் பேக்கேஜ் ஏற மாட்டேங்குது. பொதுப்பட்டியல் வச்சிருக்கவங்க மெயில் போட்டா பராமரிக்கிறவர்ட்ட இருந்து பதிலே இல்லையாம். வார ஒண்ணாந்தேதி பட்டியல்ல இருந்தே தூக்கிருவாங்களாம். பழைய கம்ப்யூட்டர் எம்புட்டு நாளைக்கு வரும்? பொறவு நான் யாரையாவது கெஞ்சித்தான் ஒரு பக்கம் வாசிக்கணும்."

சிவரஞ்சனி கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். மெஷினில் இருப்பதை அழித்துப் புதிதாக ஏற்றத் தெரியும்; பேக்கேஜ் எழுதியதில்லை. வத்திராயிருப்பு வீட்டில் கணவரின் லேப்டாப்பைத் துணியோடு அலமாரியில் வைத்திருந்தாள். எடுத்துத் திறந்தாள். பேக்கேஜுக்கென்று அவர் எழுதிய ஃபைல் இருபது வரிதான். மென்பொருளின் பெயர், எத்தனையாவது பதிப்பு, எங்கிருந்து இறக்குவது, அதற்கு முன்னால் வேறு என்னென்ன வேண்டும், எந்த வரிசையில் சேர்ப்பது. கடைசி வரி, பராமரிப்பவர் பெயர். மென்பொருளை மெஷினில் ஏற்றிவிடும் பேக்கேஜ் மேனேஜர் இதைப் படித்து அப்படியே செய்யும். எழுதாமல் விட்டதை அதுவாக ஊகித்துக்கொள்ளாது.

அவர் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஏறியது. லேபில் மதிய இடைவேளையில் ஒரு வெறும் மெஷினில் போட்டால் பாதியில் நின்றது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பிடிபட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போய்வந்த பத்து வருஷமும், ஊர்ப்பெயர்களை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, மென்பொருளின் குரலும் அப்படியே சொல்ல லிங்கேஸ்வரன் ஒரு பட்டியல் சேர்த்திருந்தார். மென்பொருளின் பழைய பதிப்புக்கு அது தேவைப்படவில்லை, புதியதற்கு வேண்டும். அது இருந்ததோ அவருடைய சொந்த ஃபோல்டரில். கூடவே இருந்ததால், வேண்டியவை பட்டியலில் அதைச் சேர்க்கத் தோன்றவே இல்லை மனிதருக்கு.

செத்தவரிடம் கோபித்து என்ன பயன்? ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் போய்விடலாமா?

ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பொதுவில் ஏற்றி ஃபைலைத் திருத்தினாள். அதோடு விடவில்லை. இனி யாரும் இப்படித் தவிக்கக் கூடாதென்று, பேக்கேஜ் எழுதுவது எப்படி என்று தமிழிலேயே வரி வரியாக எழுத ஆரம்பித்தாள். தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம்: "உங்கள் மெஷினில் இருப்பது எல்லார் மெஷினிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்." எழுதும்போது கணவரைத் திட்டுவது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போனாள். ஆனந்தவல்லி புதுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, திரையை அதனுடன் வந்த ஆங்கிலக் குரலிலும், சிவரஞ்சனி பதிந்துகொடுத்த குறிப்பைப் போனிலும் கேட்டுச் செய்வதாக ஏற்பாடு.

"நீங்க செத்த நேரம் வாயே தொறக்கக் கூடாது மதினி. நாளைக்கு இதைப் படிக்கிறவன் பக்கத்துல நீங்க இருக்கமாட்டிய."

ஆறாவது படியில் நின்றுவிட்டது. ஃபைலைச் சேமித்த பிறகு பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். சிவரஞ்சனியின் விரல்கள் தினமும் தாமாகச் செய்கிற வேலை அது, எழுத விட்டுப்போயிருந்தது. அவர் செய்த அதே தப்பு. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கோபம் அந்த இடத்தில் கரைந்துபோனது. குறிப்பில் அந்த வரியைச் சேர்த்தாள்.

மிச்சமிருந்தது ஃபைலின் கடைசி வரி. பராமரிப்பவர் லிங்கேஸ்வரன், வத்திராயிருப்பு. அவர் செய்தவர் என்பது மென்பொருளுக்குள் எப்போதும் இருக்கும். ஆனால் இந்த வரி, எழுதினால் பதில் சொல்கிற ஆளுடையது. இங்கே சான்றிதழ் கேட்க யாரும் இல்லை. அவளே நீக்க வேண்டும்.

"என்ன மதினி, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. இருடி."

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். தன் பெயரை அடித்தாள். ஊரை மாற்றவில்லை.

ஆனந்தவல்லி முதல் படியிலிருந்து மறுபடி செய்தாள். இந்த முறை எங்கும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் வாய் திறந்து அந்த ஃபைலையே வாசித்தது. கடைசியில், "பராமரிப்பவர், சிவரஞ்சனி, வத்திராயிருப்பு." குரல் மெஷின் குரல்தான். ஊரைச் சொன்ன விதம் மட்டும், பட்டியலில் அவர் சேர்த்துவைத்தபடி, அவர் சொல்வது. ஏழு மாதமாக எந்த அலுவலகத்திலும் அழாதவள், ஆனந்தவல்லியின் தோளில் சாய்ந்து அழுதாள்.