பீலிக்காட்டுக்குப் பச்சை நிறம்

போன திங்கட்கிழமை எங்கள் பிரதேச சபைக் கட்டடத்தின் சுவரில் ஒரு மேப் ஒட்டினார்கள். ஆளுயர மேப். எங்கள் பிரிவிலுள்ள ரோடு, ஆறு, தோட்டம், வயல் எல்லாம் அதில் இருக்கின்றன. இனிமேல் ரோடு போடுவதானாலும், கட்டடம் கட்டுவதானாலும், குப்பை கொட்டுவதானாலும் இதைப் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். காட்டு உயிர்கள் வாழ்கிற இடங்களுக்குப் பச்சை நிறம் அடித்திருக்கிறார்கள். பச்சையில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே மூன்று மொழியிலும் போட்டிருந்தது. மூன்று மொழியிலுமா, தமிழிலும்கூடவா? ஆமாம்... நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் தேடியது ஒரே ஓர் இடத்தை. இருந்தது! கட்டைவிரல் நகமளவு பச்சை. கலவானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கீழ்ப்பிரிவுத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே இருக்கிற பள்ளத்துக் காடு. லயத்து ஜனங்கள் அதைப் பீலிக்காடு என்பார்கள். அந்தப் பச்சை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பஜாரில் அரிசி பருப்பு விற்கிறவனுக்கு ஊர்க்கதை தெரியாமல் இருக்குமா?

பீலிக்காடு பெரிய காடு இல்லை. தேயிலை நட முடியாத அளவுக்குச் செங்குத்தான இடம். வெள்ளைக்காரன் காலத்தில் விட்டது, அப்படியே கிடக்கிறது. உள்ளே ஓர் ஊற்று. அங்கிருந்து ரப்பர் குழாய் போட்டு லயத்துக்கு நீர் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தக் குழாய் கொட்டுகிற இடம்தான் பீலி. குடிக்க, குளிக்க, சோறு பொங்க எல்லாவற்றுக்கும் அந்தப் பீலித் தண்ணீர்தான். அது நின்றால் அடுத்த தண்ணீருக்கு மலை இறங்கி ஆற்றுக்குப் போக வேண்டும்.

போன வருஷம் இந்த மேப் தயாரிக்கிற வேலை தொடங்கியது. வனஜீவராசிகள் அதிகாரி ஒருவர் — ஜயந்த மாத்தயா, அதாவது ஜயந்த ஐயா, என்று வைத்துக்கொள்ளுங்கள் — இரண்டு உதவியாளர்களோடு ஜீப்பில் தோட்டம் தோட்டமாக வந்தார். காக்கி உடுப்பு. ஜீப் தோட்டத்து கேட்டைத் தாண்டுமுன்னே சேதி லயத்துக்குப் போய்விட்டது. நம் பக்கத்தில் காக்கியைக் கண்டால் என்ன செய்வோம்? முதலில் ஐடென்டிட்டி கார்டைத் தேடுவோம். அவரோ கார்டைக் கேட்கவில்லை. இந்தக் காட்டில் என்னென்ன மிருகம் இருக்கிறது என்று கேட்டார்.

கேட்டாரே ஒரு கேள்வி! லயம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் நினைத்தது — பன்றி.

விஷயம் இதுதான். மரவள்ளியைத் தோண்டித் தின்ன வருகிற காட்டுப் பன்றிக்கு யாராவது சுருக்கு வைப்பார்கள். விழுந்தால் அன்றைக்கு லயத்தில் கறிச் சோறு. ஒரு வீட்டில் வெந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு. கேஸ் என்று வந்தால் கிண்ணம் வாங்கிய அத்தனை பேரும் உள்ளே போக வேண்டியதுதான்!

ஆகவே எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். பன்றியா? கண்ணால் கண்டதில்லை. முள்ளம்பன்றி? அது எப்படி இருக்கும் என்றே தெரியாது. குரங்கு? இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அப்படியானால் கூரைத் தகரத்தின்மேல் ஏன் முள் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. காற்றுக்கு, என்றாராம் தோட்டத் தலைவர். மறுநாள் கடைக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதிகாரியும் சும்மா போய்விடவில்லை. ஒரு காலை முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் காட்டுக்குள் நடந்திருக்கிறார்கள். பகலில் என்ன தெரியும்? இரண்டு மூன்று குருவி. 'முக்கியமான உயிர்கள் எதுவுமில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மேப்பில் பீலிக்காடு வெள்ளையாகவே நின்றது.

ஏன் இப்படி வாய் கூசாமல் இல்லை என்கிறோம்? நம்மை எண்ண வந்தவர்களாலும் எழுத வந்தவர்களாலும் நல்லது நடந்ததாக நமக்கு ஞாபகம் இல்லை. எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், எந்தக் கப்பல் என்று கேட்டுக் கேட்டே இரண்டு தலைமுறையைக் குடியுரிமைக்காக அலைய வைத்தார்கள். அதனால் ஆபீஸிலிருந்து யார் வந்து என்ன கேட்டாலும் நம் வாயில் முதலில் வருவது 'இல்லைங்க'தான். அது நம் ரத்தத்தில் ஊறிப்போன பதில். பல நேரம் காப்பாற்றியும் இருக்கிறது. இந்த முறை காலை வாரிவிட்டது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. சபை ஆட்கள் இறங்கி பீலிக்காட்டின் மேல் ஓரமாக வெள்ளைக் கட்டைகள் அடித்தார்கள். என்னவென்று கேட்டால் — பஜார்க் குப்பையெல்லாம் இனி இங்கேதான் கொட்டப் போகிறார்களாம். தோட்ட நிர்வாகமும் சம்மதித்துவிட்டதாம்.

ஊற்றுக்கு மேலே குப்பை! மழை பெய்தால் அது எங்கே வரும்?

கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு என் கடைக்கு இறங்கி வந்தவள் செல்லம்மா. கொழுந்து பறிக்கிற பெண், கணீரென்ற குரல், யாருக்கும் பயப்படாதவள். தலைவரையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். மூன்று பேருமாகச் சபைத் தவிசாளரைப் பார்க்கப் போனோம். மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார். மேப்பை விரித்துக் காட்டினார். இங்கே ஒன்றுமே இல்லையே, உங்கள் ஆட்கள்தானே இல்லை என்று சொன்னார்கள் என்றார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னோம். இந்த மேப் மிருகங்களுக்கானது, தண்ணீர் வேறு ஆபீஸ், பிறகு பைப் போட்டுத் தருவோம் என்றார். பைப் வருமென்று என் அப்பா காலத்திலிருந்து சொல்கிறார்கள் என்று செல்லம்மா சிங்களத்தில் பட்டென்று சொன்னாள். தவிசாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரி, மேப் இன்னும் முடிவாகவில்லை, அதிகாரியை மறுபடி ஒரு தடவை வரச் சொல்கிறேன், அவர் பச்சை என்று எழுதினால் நான் கட்டையைப் பிடுங்கிவிடுகிறேன் என்றார்.

மனுஷன் குடிக்கிற தண்ணீருக்கு அந்த மேப்பில் கலர் இல்லை. மிருகத்தை வைத்துத்தான் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும்.

அதிகாரி மறுபடி வந்த கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. அம்மாமார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற அறை. தொட்டில் சேலைகளை உத்தரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க அதிகாரி உட்கார்ந்தார். பக்கத்தில் சபையின் தொழில்நுட்ப அதிகாரி. பேச்சை மொழிபெயர்க்க என்னையும் உட்கார வைத்தார்கள். அங்கிருந்த பாதிப் பேர் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார்கள், ஆனாலும் மொதலாளி இருந்தால் ஒரு தைரியமாம்.

அதிகாரி நிதானமாக விளக்கினார். ஓர் இடம் பச்சையாக வேண்டுமானால் அங்கே அருகிப்போகிற உயிர் ஏதாவது இருக்க வேண்டும். அதைக் கிட்டத்தில் யாராவது கண்டிருக்க வேண்டும். தாத்தா கண்டார், சின்ன வயதில் கண்டேன் என்கிற கதை செல்லாது.

அவ்வளவுதான், தொடங்கிவிட்டார்கள்! போன தடவை குரங்குகூட இல்லாத காட்டில் இந்தத் தடவை சிறுத்தை இருந்தது. கரடி இருந்தது. பின்வரிசையில் ஒருவர் யானை என்றார். யானையா? அந்தச் சரிவில் ஆடே கால் வழுக்கி விழும்! அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய், நான் எதை எழுதுவது என்று வருத்தமாகவே கேட்டார். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது.

செல்லம்மா எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு போன மாசம் ஒரு பன்னி புடிச்சாருங்க. அந்தக் காட்டுலதான். இது பொய்யில்ல."

எல்லோர் தலையும் திரும்பியது. அவள் புருஷன் ராமையா சுவரோரம் குந்தியிருந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன்னே மலை ஏறுகிற வேலை. ரொம்பக் கூச்ச சுபாவம். கடைக்கு வந்தால்கூட வேண்டியதை விரலால் காட்டி வாங்குவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். முகம் செத்துப்போனது மனுஷனுக்கு.

அதிகாரி கையை விரித்தார். பன்றி எல்லா இடத்திலும் இருக்கிறது, பன்றிக்குப் பச்சை தர முடியாது என்றார். இத்தனை நாள் எதற்குப் பயந்து ஊரே பொய் சொன்னதோ, அது ஒன்றுக்கும் உதவாத சமாச்சாரம். கூட்டம் முடிந்தது என்று தொழில்நுட்ப அதிகாரி எழுந்தார்.

"அழுங்கு இருக்குங்க."

சுவரோரத்திலிருந்து வந்த குரல். ராமையா!

அழுங்கு தெரியுமல்லவா? உடம்பெல்லாம் செதில், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், கறையானும் எறும்பும் தின்னும். சிங்களத்தில் கபல்லாவா. அருகிப்போகிற உயிர். பிடித்தால் கேஸ் நிச்சயம். அதிகாரி மறுபடி பேனாவை எடுத்தார். எப்படித் தெரியும் என்று கேட்டார். அடுத்து, எப்போது கண்டாய் என்று கேட்டார்.

அறையில் எல்லோருக்கும் கணக்கு விளங்கிவிட்டது. எப்போதோ சின்ன வயதில் என்றால் ராமையா வீட்டுக்குப் போகலாம், காடு போய்விடும். உண்மையைச் சொன்னால் காடு நிற்கும், ராமையா மாட்டுவார். செல்லம்மா தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று சைகை காட்டினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், ஏதாவது பூசி மெழுகிச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்.

ராமையா எனக்கு இடம் கொடுக்கவில்லை. நேராக அதிகாரியிடம் சிங்களத்திலேயே சொன்னார். போன தீபாவளிக்கு முதல் நாள் பிடித்தேன், சமைத்துத் தின்றோம் என்றார்.

தின்று முடித்ததை மேப்பில் எப்படிப் போடுவது என்று தொழில்நுட்ப அதிகாரி நக்கலாகக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"இன்னொன்னு இருக்குங்க," என்றார் ராமையா. "குட்டியை வாலுல ஏத்திக்கிட்டுப் போச்சு. அதை நான் தொடல. பொந்து காட்டுறேன், வாங்க."

போனோம். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு இருபது அட்டை. ஊற்றுக்குப் பக்கத்தில், பாறை அடியில் ஒரு பொந்து. வாசலில் புதிதாகத் தோண்டிய ஈர மண், நகம் கீறிய தடம். நாலடி தள்ளிக் கறையான் புற்றொன்று பிளந்து கிடந்தது. ஜயந்த மாத்தயா சேற்றில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி விழுந்தவன் முகம். போட்டோ எடுத்தார், அளந்தார், எழுதினார்.

எழுதி முடித்தபின், பக்கத்தைத் திருப்பி, ராமையாவின் முழுப் பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். "நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க. கேட்காத மாதிரி என்னால இருக்க முடியாது," என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஓர் இடத்தைக் காப்பாற்ற அங்கே குற்றம் செய்தவன் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதே... இது என்ன ஏற்பாடு?

அடுத்த மாதம் வெள்ளைக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குப்பைக்கு வேறிடம், கைவிட்ட மாணிக்கக் குழியொன்று கிடைத்தது. அதே மாதம் ராமையாவுக்கு நீதிமன்ற அழைப்பும் வந்தது.

செல்லம்மா கடையில் உட்கார்ந்து அழுதாள். பன்றிப் பேச்சை எடுத்தது நான்தானே என்று தன்னையே திட்டிக்கொண்டாள், பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று புருஷனைத் திட்டினாள். மறியலில் போட்டுவிடுவார்களா, ஜெயில்தானா மொதலாளி என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கூட்டிப் போனேன். முதல் தடவை, அபராதத்தோடு போகலாம், குற்றத்தை ஒத்துக்கொண்டு வேறெதுவும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றார். பேசாமல் இருப்பதில் ராமையா கெட்டிக்காரர், அந்தக் கவலை வேண்டாம் என்றேன்.

அபராதத்தை லயமே பங்கு போட்டுக் கட்டுவதாகத் தலைவர் சொன்னார். அந்த அழுங்குக் கறிக் கிண்ணத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று என் காதில் மட்டும் சொன்னார். ராமையா கேட்கவில்லை. "புடிச்சது நானுங்க," என்றதோடு சரி.

இப்படித்தான் அந்த நகமளவு பச்சை வந்தது. திங்கட்கிழமை சுவரில் அதைப் பார்த்தேன். வியாழக்கிழமை கேஸ்.

செல்லம்மா, தலைவர், நான் மூன்று பேரும் போயிருந்தோம். ராமையா இஸ்திரி போட்ட சட்டையில் கூண்டில் நின்றார். குற்றத்தை ஒத்துக்கொண்டார். அபராதம்தான், மறியல் இல்லை. செல்லம்மா வாயில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் எழுந்துவிட்டோம். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று நீதவான் வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்டார்.

வக்கீல் இல்லை என்று தலையாட்டினார். ராமையா இருக்கிறது என்றார். அவர் சிங்களத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"புடிச்சது ஒண்ணுதாங்க. தாயும் குட்டியும் இன்னும் அங்கதான் இருக்கு. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க ஐயா. இல்லாட்டி ஒண்ணுமில்லாத காடுன்னு பச்சையை அழிச்சிருவாங்க."

நீதவான் பேனாவை எடுத்தார். குனிந்து எழுதினார்.

எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் ராமையா கூண்டிலிருந்து இறங்கினார்.