பொழிமுகத்தில் கிடைத்த உப்புக்கொத்தி

வலசை வரும் கரைப்பறவைகளை எண்ணுவதற்காக எங்கள் தன்னார்வக் குழு, ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்துக்குப் போயிருந்தது. மணல்திட்டில் இறங்கியதும் ஒரு மீனவப் பெண் என்னிடம் வந்தாள். பெயர் செலின், என் வயதுதான் இருக்கும். கையிலிருந்த துண்டை விரித்துக் காட்டினாள். உள்ளே வலையில் சிக்கிச் செத்துப்போன ஒரு உப்புக்கொத்தி. காலில் எழுத்துகள் பொறித்த பச்சைப் பட்டை. அது கூடுகட்டும் வடதேசத்தில் யாரோ மாட்டிவிட்டது. அப்படியொன்று கிடைப்பது எங்களுக்கு அபூர்வம். வருத்தப்படுவதற்கு முன் நான் கேமராவைத்தான் எடுத்தேன்.

“இத கெட்டி விட்டவிய, இது வருமாண்ணு பாத்திட்டு இருப்பாவளா?” என்று கேட்டாள்.

“இருப்பாவ.”

“அப்போ செத்துப்போச்சுண்ணு சொல்லிருங்க மக்கா. எனக்க மாப்பிள கடலுக்குப் போயி ஆளும் வரல்ல, உடம்பும் கிட்டல்ல. இப்பவும் வாசல்ல சத்தம் கேட்டா எழும்பி ஓடுவேன். காத்திருக்கியது கஷ்டமாக்கும்.”

கேமராவை உள்ளே வைத்துவிட்டேன். பட்டையைக் கழற்றிக்கொண்டு, இருவருமாக மணலைத் தோண்டிப் பறவையைப் புதைத்தோம்.

பட்டை மாட்டியவர்களுக்கு எழுதிப்போட்டேன். தகவல் அனுப்பியதற்கு நன்றி சொல்லி இரண்டு வரியில் பதில் வந்தது. அதைச் சொல்வதற்காகவே மறுபடியும் பூவாருக்குப் போனேன்.

“அவிய அழுதாவளா?” என்றாள் செலின்.

“ஓ, அழுதாவ.”

பதிலில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் கணக்கெடுக்கப் போகிறேன். வராமல் போனவற்றை நினைக்காமல் என்னால் எண்ண முடிவதில்லை.