மருந்து போடாத குடம்

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் ரோடு போட வந்த எஞ்சினீயர் துரைக்கு வீடே ஒரு வண்டிதான். லாரிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்து வந்து வெள்ளானூர் ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். உள்ளே கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் உண்டு. கட்டிலுக்கு அடியில் இருபது குடம் பிடிக்கும் தகரத் தொட்டி. அந்தத் தொட்டிக்கு நான்தான் ராஜா.

தினமும் கிணற்றிலிருந்து சுமந்து வந்து நிரப்ப வேண்டும். வாரம் ஒரு முறை தொட்டியின் அடியிலிருந்து வண்டிக்கு வெளியே நீண்ட குழாயைத் திறந்து வடியவிட்டு, மூங்கில் கழியில் தேங்காய் நாரைக் கட்டி உள்ளே படிந்த பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நிரப்பிய பிறகு பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் யாரும் தொடாமல் காக்க வேண்டும். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லாம் வெள்ளைக்காரன் பவிசு என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். சிரித்த வாயை இன்றைக்குக் கிழித்தாலும் தகும்.

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. எங்கள் கூலி லைனில் எட்டுக் குடிசைகள். வீட்டுக்கு ஒரு குடம் தொட்டித் தண்ணீர் தினமும் கொடுக்கச் சொன்னார் துரை. கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது என்று விரலை ஆட்டி எச்சரித்தார். முகம் சுளித்தாலும் எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள்.

என் மனைவி அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். மருந்து வாடை பட்டதுமே ஓங்கரிப்பாள்.

"கொடல பொரட்டுதுய்யா. எனக்கு மட்டும் மருந்து போடாத கொண்டாயேன். பொறந்ததுலேர்ந்து குடிச்ச தண்ணிதான இது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பவுடர் கரைப்பதற்கு முன்பே தொட்டியிலிருந்து ஒரு குடம் பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி வீட்டில் வைத்தேன். அவள் ஒரு மடக்கில் சொம்பைக் காலி செய்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் விடியலில் அவளுக்கு வாந்தியும் பேதியுமாகப் பிடுங்க ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள், வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

மறுநாள் லைனில் எல்லோரும் குடங்களைத் தெருவில் கவிழ்த்தார்கள்.

"தொட்டிக்காரன் பொண்டாட்டியே பூட்டா. இனிமே அந்தக் கருமாந்திரம் நமக்கு எதுக்கு?" என்றான் பக்கத்துக் குடிசைக்காரன். எல்லோரும் கிணற்றுக்குப் போனார்கள். எதிர்க் குடிசையில் இருந்த என் மாமியாரும் போனாள்.

"வேணாம் நைனா, அந்தத் தண்ணி எம் பொண்ண முழுங்கிடுச்சி" என்றாள் என்னிடம்.

என் மனைவி குடித்தது மருந்துத் தண்ணீர் இல்லை என்று நான் ஒருவன்தான் சொல்ல முடியும். சொன்னால் பெண்டாட்டியைக் கொன்றவன் ஆவேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு, யாரும் வாங்க வராத தொட்டியில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்துக் குடிசைக்காரன் படுத்தான். அன்றைக்கே போய்விட்டான்.

அவனைப் புதைத்த மறுநாள் காலையில் மாமியார் கிணற்றுத் தண்ணீரோடு வந்தாள். வழியை மறித்துக்கொண்டு, "அத்தே, அவ மருந்துத் தண்ணி குடிக்கல. மசக்கைக்காரின்னு நான்தான் வெறுந்தண்ணி கொடுத்தேன்" என்றேன்.

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவள் இடுப்புக் குடத்தை மண்ணில் சாய்த்துவிட்டு, நேராகத் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து குடத்தை நிரப்பினாள். அந்தக் குடத்தோடு லைன் நடுவில் வந்து நின்று எல்லோர் கண்முன்னாலும் குடித்தாள்.

"எம் பொண்ணு இத்தக் குடிக்கலடி. அவ புருசன் ஆசையா வெறுந்தண்ணி கொடுத்தான். அதான் பூட்டா. போங்க, இத்தப் புடிச்சிக் குடிங்க!"

அதற்கப்புறம் எங்கள் லைனில் யாரும் சாகவில்லை. ஆனால் அன்று தொட்டிக்கு முதலில் வந்தவள் பக்கத்துக் குடிசைக்காரனின் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"ரெண்டு நாளு முன்னாடி சொல்லக் கூடாதா, அண்ணாத்தே?" என்றாள்.

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.